மோரிஸுக்கு எண்ணெய்க் குளியல்

புக்கிட் கெலாடி எஸ்டேட்டில் மொத்தம் நான்கு கார்கள் இருந்தன. மூன்று கார்களுக்கு ஆபீஸ் பக்கத்தில் தகரக் கொட்டகை இருந்தது. நான்காவது காருக்குக் கோழிகள்தான் இருந்தன.

இது நடந்தது 1978ஆம் வருஷம். சிரம்பானிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் வந்து இறங்கினால், அப்புறம் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு கார் மட்டுமே போகிற அகலத்தில் செம்மண் ரோடு. அதுதான் எஸ்டேட். கொட்டகையில் நின்றவை துரையின் கார், எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரெசரின் கார், தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியின் கார். நான்காவது, எஸ்டேட் டிராக்டரை ஓட்டும் வீரமுத்துவின் கார். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்தவர்களில் கார் வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான். எஸ்டேட்டில் காரைக் 'காடி' என்றுதான் சொல்வார்கள். "வீரமுத்து காடி வாங்கிட்டானாம்லா" என்று அந்த நாளில் லயமே பேசியது.

அது ஒரு பழைய மோரிஸ் மைனர். லோபாக்கில் ஒரு வாத்தியார் பதினைந்து வருஷம் ஓட்டித் தேய்த்த கார். ஒரு காலத்தில் பச்சையாக இருந்ததாம். வெயிலில் வெளுத்து வெளுத்து, கடைசியில் ஆறிப்போன கஞ்சி நிறத்துக்கு வந்திருந்தது. இடது பக்கக் கதவு மட்டும் நீலம். அது வேறு ஏதோ காரிலிருந்து கழற்றி மாட்டிய கதவு. கூரைமேல் நாலு கோழிகள் தூங்கும். காலையில் அவை விட்டுப்போகிற அடையாளங்களை விளக்க வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும்.

வீரமுத்துவின் மகள் மயிலம்மாளுக்குப் பதினோரு வயது. அவளுக்கு அந்தக் கார் என்றால் உயிர். வீட்டுப் பாடத்தை அதன் பின் சீட்டில் உட்கார்ந்துதான் எழுதுவாள். ஏழு வயதுத் தம்பி முருகையாவோடு சண்டை வந்தால், உள்ளே ஏறிக் கதவைப் பூட்டிக்கொள்வாள். அவன் வெளியிலிருந்து நாக்கைத் துருத்துவான். இவள் உள்ளேயிருந்து துருத்துவாள்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம், பெரிய கிராணி நல்லசாமியின் வெள்ளை டாட்சன் லயத்துப் பக்கம் வந்து நின்றது. யாருக்கு என்ன வேலை, யார் எந்த வீட்டில் இருப்பது, தண்ணீர்க் குழாயை எப்போது திறப்பது, எல்லாம் அவர் கையில். அதனால் அவர் வண்டி நின்றால் லயத்தில் பேச்சும் நின்றுவிடும்.

இறங்கியவர் முதலில் கைக்குட்டையால் தன் காரின் கதவுப் பிடியைத் துடைத்தார். கார் என்றால் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம். சிரம்பானில் காரோட்டிகள் சங்கம் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்தார் கூடுவார்கள். துடைப்பார்கள், மெழுகு போடுவார்கள், யார் காரில் யார் முகம் நன்றாகத் தெரிகிறது என்று பார்ப்பார்கள். இத்தனைக்கும் எல்லாரும் பெரியவர்கள்.

"வீரமுத்து, வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம சங்கத்துக் காடிங்க எல்லாம் இங்கே திடலுக்கு வருது," என்றார் கிராணி. "சிரம்பான்லேருந்து ஆறு காடி. தலைவர் விசுவநாதன் செட்டியாரே வர்றார்."

"நல்லதுங்க ஐயா."

"என்ன நல்லது? அவங்க இந்த வழியாத்தான் வரணும். இந்தக் குப்பை இங்கே நின்னா என் மானம் போயிடும். அதுக்குள்ள இதைப் பழைய இரும்புக் கடையில கொண்டுபோய்ப் போடு. இனிமே லயத்து வாசல்ல காடி நிக்கக் கூடாது."

வீரமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "சரிங்க..." என்று அவர் ஆரம்பிக்கும்போதே மோரிஸின் பின் கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தலை எழுந்தது.

மயிலம்மாள் நோட்டுப் புத்தகத்தோடு இறங்கி வந்தாள். "எதுக்குங்க ஐயா எடுக்கணும்? அழுக்கா இருக்குன்னா?"

"மயிலு, உள்ளே போ," என்றார் அப்பா.

அவள் போகவில்லை. கிராணி சிரித்தார். "அழுக்கா? இதுல அழுக்கைத் தவிர வேற என்ன இருக்கு? காடின்னா இஞ்சின் முன்மூடியில மூஞ்சி தெரியணும், பாப்பா."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா இங்கேயே நிக்கட்டும் லா. யார் வேணாம்னா?"

"ஞாயித்துக்கிழமை திடல்ல மத்தக் காடிங்களோட நிக்கலாமா?"

லயத்து ஆட்கள் பத்துப் பேர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிராணிக்கு அது நல்ல வேடிக்கையாகப் பட்டது. "நிக்கட்டுமே. மூஞ்சி தெரிஞ்சா தாராளமா வந்து நிக்கட்டும்," என்றார். காரில் ஏறப்போனவர் திரும்பினார். "குழாய்த் தண்ணியில காடி கழுவக் கூடாது. அது குடிக்கிற தண்ணி. ஞாபகம் இருக்கட்டும்."

அவருடைய டாட்சன் தினமும் எந்தத் தண்ணீரில் குளிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

கார் போனதும் அப்பா பெருமூச்சு விட்டார். "நமக்கு எதுக்கு வம்பு மயிலு? அவரு நினைச்சா என்ன வேணா செய்வாரு. லோபாக்ல ஒருத்தன் கேட்டுக்கிட்டு இருந்தான். குடுத்துருவோம்."

வாய்தான் அப்படிச் சொன்னது. கை, காரின் கூரையைத் தடவிக்கொண்டிருந்தது. பத்து வருஷமாக அவர் டிராக்டர் ஓட்டுகிறார். அது எஸ்டேட்டுடையது. குடியிருக்கும் வீடும் எஸ்டேட்டுடையது. இந்தக் கார் ஒன்றுதான் அவருடையது. மயிலம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாதிக் கோபம் கிராணி மேல், பாதிக் கோபம் தலையாட்டிய அப்பா மேல்.

"குடுக்க முடியாது. மூஞ்சி தெரிஞ்சா நிக்கலாம்னு சொல்லிட்டாருல்ல? தெரிய வைக்கிறேன்," என்றாள்.

வியாழக்கிழமை கோழிகளை வேறு இடம் பார்க்கச் சொன்னாள். அவை கேட்கவில்லை. கடைசியில் வேலி ஓரம் ஒரு கூடையைக் கவிழ்த்துக் குடியேற்றினாள். பிறகு துணி கிழியும்வரை காரைத் துடைத்தாள். கோழிகளின் அடையாளம் போயிற்று. சேறு போயிற்று. ஆனால் கஞ்சி நிறம் கஞ்சி நிறமாகவே இருந்தது. முகம் தெரியவில்லை, மூக்கு நுனிகூடத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. லயத்தில் வெள்ளிக்கிழமை பெண்களுக்கு எண்ணெய்க் குளியல், சனிக்கிழமை ஆண்களுக்கு. அது மாறவே மாறாது. அம்மா தாயம்மா, ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டிவிட்டு வந்த களைப்பிலும் மகளை உட்கார வைத்து, உச்சந்தலையில் தேங்காய் எண்ணெய் ஊற்றித் தேய்த்தாள். "அரை மணி நேரம் ஊறட்டும். எங்கேயும் போகாதே."

மயிலம்மாள் கண்ணாடியில் பார்த்தாள். காலையில் வைக்கோலாகக் கிடந்த முடி, இப்போது கருகருவென்று மின்னியது. தலைக்குச் செய்கிற வேலையை எண்ணெய் காருக்குச் செய்யாதா? அவள் போத்தலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

முன்மூடியில் ஊற்றினாள். கூரையில் ஊற்றினாள். நீலக் கதவையும் விடவில்லை. பாவாடை நுனி ஊறிப்போகும்வரை தேய்த்தாள். என்ன அதிசயம்! மோரிஸ் பளபளத்தது. குனிந்து பார்த்தாள். அவள் முகம் தெரிந்தது. மூக்கு கொஞ்சம் அகலமாக இருந்தது, ஆனாலும் அவள் மூக்குதான்.

"எண்ணெய்ப் போத்தல் எங்கேடி?" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"காடி குடிச்சிருச்சும்மா," என்றாள் மயிலம்மாள். அன்று வாங்கிய திட்டுகூட அவளுக்கு இனித்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு டிராக்டர், இரண்டு டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு லயத்து வாசல் வழியாகப் போனது. ரோடு முழுக்கச் செம்மண் தூசி எழுந்தது. எண்ணெய் பூசிய காரைக் கண்டால் தூசி விடுமா? ஒரு பொடி பாக்கியில்லாமல் வந்து ஒட்டிக்கொண்டது. டிராக்டரை ஓட்டியது வேறு யாருமில்லை, அப்பாவேதான்.

மயிலம்மாள் வெளியே வந்து பார்த்தாள். பொரிப்பதற்காக மிளகாய்த்தூள் தடவி வைத்த மீன் மாதிரி நின்றது மோரிஸ். ஈரத் துணியால் துடைத்தாள். சிவப்புச் சேறாக இழுபட்டது. இன்னும் அழுத்தித் துடைத்தாள். இன்னும் மோசமாயிற்று.

அந்த நேரம் பார்த்துத்தானா கிராணியின் டாட்சன் வர வேண்டும்? அவர் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "என்ன பாப்பா, மூஞ்சி தெரியுதா?"

மயிலம்மாள் சேற்றுத் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "இன்னிக்குச் சனிக்கிழமைதானே ஐயா? நாளைக்கு வந்து பாருங்க," என்றாள்.

பத்து மணிக்கு டீ குடிக்க வந்த அப்பா காரைப் பார்த்தார். முகம் சுருங்கிப்போயிற்று. "விடும்மா. நாளைக்கு விடிகாலையில நானே லோபாக்குக்கு ஓட்டிட்டுப் போயிடறேன். அவங்க வர்றதுக்குள்ள விட்டுட்டு வந்துடறேன்."

அவர் டீயைக் குடிக்காமலே போனார். மயிலம்மாள் காரின் படியில் உட்கார்ந்தாள். இன்னும் ஒரு பகல்தான் இருந்தது.

மத்தியானம் அம்மா வேலையிலிருந்து வந்து, சனிக்கிழமைக் கடமையைத் தொடங்கினாள். பக்கத்து வீட்டு வள்ளிநாயகி அக்காவிடம் இரவல் வாங்கிய எண்ணெயை முருகையாவுக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை தடவினாள். அவனுக்கோ எண்ணெய்க் குளியல் என்றால் வேப்பங்காய். அம்மா கையைத் துடைக்கத் திரும்பினதும் வழுக்கிக்கொண்டு ஓடினான். வாசல் மண்ணில் சறுக்கி விழுந்து, இரண்டு உருட்டு உருண்டு எழுந்தான். தலைமுதல் கால்வரை சிவப்பு. கண் இரண்டும்தான் வெள்ளை.

"வாடா என் ராசா," என்று அவனைத் தூக்கிப் போய்க் குளிக்கும் இடத்தில் நிறுத்தினாள் அம்மா. சீயக்காய்ப் பொடியைச் சோற்றுக் கஞ்சியில் குழைத்தாள். தேய்த்தாள். "கண்ணு எரியுது" என்று அவன் லயமே கேட்கும்படி கத்தினான். "காதுக்குப் பின்னாடி காட்டு" என்று அவள் அதைவிடப் பலமாகக் கத்தினாள். நாலு வாளி தண்ணீர் ஊற்றினாள். முருகையா புதுச் சில்லறைக் காசாக மின்னிக்கொண்டு வெளியே வந்தான்.

மயிலம்மாள் தம்பியைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். மறுபடியும் தம்பியைப் பார்த்தாள்.

"என்னை ஏன் அப்படிப் பார்க்கிற?" என்றான் முருகையா பயந்துபோய்.

"எண்ணெயை எது எடுக்கும்?" என்று கேட்டுக்கொண்டே அவள் அடுக்களைக்கு ஓடினாள். சீயக்காய் டின்னில் அடி மட்டும்தான் மிச்சம். ஒரு முருகையாவுக்குப் போதும், ஒரு மோரிஸுக்குப் போதாது. டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள்.

"யாருக்குடி எண்ணெய்க் குளியல்?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு வள்ளிநாயகி அக்கா.

"எங்க காடிக்குக்கா."

"என்னைக்கு எண்ணெய் வச்சே?"

"வெள்ளிக்கிழமை."

"அப்ப பொம்பளைக் காடியா?" என்று கேட்டுவிட்டு, வள்ளிநாயகி அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தாலும் இரண்டு கை நிறைய அள்ளிப் போட்டாள். "அந்தாளு முகத்துல கரி பூசணும்டி. நல்லாத் தேய்," என்றாள். அடுத்த வீட்டில் ஒரு கை, அதற்கடுத்த வீட்டில் அரை டின். புதன்கிழமை கிராணி பேசியதை எல்லாரும் கேட்டிருந்தார்கள் அல்லவா? ஒரு வீட்டில்கூட இல்லையென்று சொல்லவில்லை.

தண்ணீருக்கு என்ன செய்வது? வாசலிலேயே குழாய் இருந்தது. "யாரும் பார்க்கல, ரெண்டு வாளி பிடிச்சுக்கோ," என்றான் முருகையா.

"அவரு குழாயில ஒரு சொட்டு வேணாம். நாளைக்கு அதை வச்சே நம்ம வாயை அடைப்பாரு. ஓடையில பிடிப்போம்," என்றாள் மயிலம்மாள்.

லயத்துக்குப் பின்னால், பள்ளத்தில் ஓடை ஓடியது. காரைக் கொண்டுபோக அங்கே வழியில்லை. அம்மாவின் ரப்பர் பால் வாளிகளை எடுத்துக்கொண்டார்கள். லயத்துப் பிள்ளைகள் பதினொரு பேர் ஓடையிலிருந்து வாசல்வரை வரிசையாக நின்று, கைக்குக் கை வாளி மாற்றினார்கள். பாதித் தண்ணீர் வழியிலேயே அவர்கள் மேல் கொட்டியது. யாருக்கும் அதில் வருத்தமில்லை.

முருகையா தேங்காய் நாரோடு வந்தான். "தேய்க்கவா?"

"நாரால உன் முதுகைத் தேய்ச்சா எப்படியிருக்கும்? இதுவும் தோலுதான்டா. கீறிடும்," என்று அதைப் பிடுங்கி எறிந்தாள். அப்பாவின் பழைய கைலியைக் கிழித்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள்.

முதல் தேய்ப்பில் சேறு போனது. இரண்டாவது தேய்ப்பில் எண்ணெய் போனது. மூன்றாவதாக, சல்லடையில் மாவாகச் சலித்த சீயக்காய்ப் பொடியைக் கொஞ்சம் கஞ்சியில் தொட்டு, முன்மூடியில் மெதுவாக வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். துணியில் வெள்ளையாக ஏதோ வந்தது. பெயிண்டே கழன்று வருகிறதா? ஒரு கை தண்ணீர் தெளித்துப் பார்த்தாள்.

அடியில் பச்சை இருந்தது. நல்ல பச்சை. இத்தனை வருஷமும் வெயிலில் பூத்துப்போன வெளிறல்தான் அதை மூடிக்கொண்டிருந்தது.

"பச்சை வந்திருச்சு!" என்று பிள்ளைகள் கத்திய சத்தத்தில் அம்மா வெளியே வந்தாள். சுற்றிவந்து பார்த்தாள். குனிந்து, சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் தகட்டுக்கு உள்ளே விரலை விட்டாள். விரல் சேறாக வந்தது. "காதுக்குப் பின்னாடி யாரு தேய்ப்பா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நாலு சக்கரத்துக்கும் காதுக்குப் பின்னால் தேய்க்க இன்னும் ஒரு மணி நேரம் ஆயிற்று.

ஐந்து மணிக்கு அப்பா வந்தார். காரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "இந்தப் பச்சையை நான் பார்த்ததே இல்ல," என்றார் மெல்ல. அப்புறம் வழக்கம்போல அவருக்குப் பயம் வந்துவிட்டது. "வாசல்லயே நிக்கட்டும் மயிலு. திடலுக்கெல்லாம் வேணாம்."

"அவருதான் நிக்கலாம்னு சொன்னாரு. நாம ஏன் வேணாம்னு சொல்லணும்?" என்றாள்.

அம்மாவின் பழைய சேலைகளால் காரைத் தலைமுதல் கால்வரை போர்த்தினார்கள். முருகையா அக்காவின் காதருகில் வந்தான். "ஒரு டம்ளர் ரப்பர் பால் கொண்டுபோய் டாட்சன்மேல ஊத்திட்டு வரவா? பிசுபிசுன்னு ஒட்டிக்கும்லா."

அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். ஆனாலும், "வேணாம். நம்ம காடி சுத்தமா இருக்கிறது போதும். அது அழுக்காக வேணாம்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சிரம்பானிலிருந்து ஆறு கார்கள் வந்தன. கிராணியின் டாட்சனோடு சேர்த்து ஏழு. திடலில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒருவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, இருக்கிற பளபளப்பையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

லயத்து வாசலில் அப்பா இன்னும் சட்டைகூடப் போடவில்லை. மயிலம்மாள் சேலைகளை உருவினாள். "நீங்க ஓட்டலன்னா நாங்க தள்ளிட்டுப் போறோம்பா," என்று சொல்லிவிட்டு, பின்னால் போய்த் தள்ள ஆரம்பித்தாள். பிள்ளைகள் ஓடிவந்து கைகொடுத்தார்கள். மோரிஸ் நகர்ந்தது. கொஞ்சம் இறக்கம் வேறு. வேகம் பிடித்தது. அப்பா சட்டையில் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு, காரைத் துரத்தி ஓடிவந்து உள்ளே பாய்ந்து ஏறினார். அப்படித்தான் அவர் திடலுக்கு வந்து சேர்ந்தார்.

கிராணி வேக வேகமாக வந்தார். குரலைத் தாழ்த்தி, "வீரமுத்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால கொண்டுபோய் விடு. சீக்கிரம்," என்றார்.

அப்பாவின் கை கியரைத் தேடிப் போனது. மயிலம்மாள் பின்னாலிருந்து ஓடிவந்து, காருக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"மூஞ்சி தெரியுதான்னு பாருங்க ஐயா."

"இது பெரியவங்க விஷயம். தள்ளு."

"நீங்கதான் சொன்னீங்க, மூஞ்சி தெரிஞ்சா நிக்கலாம்னு. லயத்துல எல்லாரும் கேட்டாங்க. பாருங்க."

திடலைச் சுற்றி வேடிக்கை பார்க்க வந்திருந்த லயத்து ஜனங்கள் கிட்டே நெருங்கினார்கள். கிராணி வேறு வழியில்லாமல் குனிந்தார். பச்சை முன்மூடியில் அவர் முகம் தெரிந்தது, மீசையோடு தெரிந்தது.

"சரி, தெரியுது," என்றார் எரிச்சலோடு. "பச்சைக் காடிக்கு நீலக் கதவு. எந்த ஊர்ல இருக்கு?"

"இந்த ஊர்ல இருக்கு," என்றாள் மயிலம்மாள். "கதவு நீலம்தான். அது அழுக்கா இருக்கா? அழுக்கு எங்கேன்னு காட்டுங்க, நாங்களே எடுத்துட்டுப் போறோம். காட்ட முடியலன்னா நாங்க போக மாட்டோம்."

"என்ன நல்லசாமி, என்ன தகராறு?" என்று ஒரு குரல் கேட்டது. சங்கத் தலைவர் விசுவநாதன் செட்டியார் வந்துகொண்டிருந்தார். சிரம்பானில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். வேட்டி சட்டை, கையில் வெள்ளைக் கைக்குட்டை. மோரிஸுக்குப் பக்கத்தில் வந்ததும் மூக்கை உறிஞ்சினார். "இது என்ன வாசம்? சீயக்காயா?"

"ஆமாங்க," என்றாள் மயிலம்மாள். "அழுக்கு இருந்தா நீங்களே காட்டுங்க."

செட்டியாருக்கு அந்தச் சவால் பிடித்துப்போயிற்று. கைக்குட்டையை விரித்தார். முன்மூடியைத் துடைத்தார், வெள்ளை. கூரையைத் துடைத்தார், வெள்ளை. நீலக் கதவு, வெள்ளை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, சக்கரத்துக்கு மேலே தகட்டுக்கு உள்ளே கையை விட்டார். லயத்து ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். கைக்குட்டை வெளியே வந்தது, வெள்ளையாகவே வந்தது.

"இங்கே எதுக்கு ஆத்தா தேய்ச்சே? யாரு பார்க்கப்போறா?"

"அது காதுக்குப் பின்னாடிங்க. எங்கம்மா அங்கேதான் முதல்ல பார்ப்பாங்க."

செட்டியார் நேராகத் தன்னுடைய கறுப்பு ஆஸ்டினுக்குப் போனார். குனிந்து, சக்கரத்துக்கு மேலே கைக்குட்டையை விட்டு இழுத்தார். அது அடுப்புக்கரியாக வந்தது. அதைத் தூக்கிப் பிடித்து, வயிறு குலுங்கச் சிரித்தார். "முப்பது வருஷமா காரு வச்சிருக்கேன். காதுக்குப் பின்னாடி தேய்க்கலையே!"

அப்புறம் பார்க்க வேண்டுமே. அத்தனை வெள்ளைச் சட்டைகளும் அவரவர் காருக்குப் பக்கத்தில் குனிந்தன. அத்தனை கைக்குட்டைகளும் கறுத்தன. கிராணியும் யாரும் பார்க்காத நேரமாகக் குனிந்தார். வந்த நிறத்தைப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையைச் சட்டென்று பைக்குள் திணித்தார்.

முருகையா பார்த்துவிட்டான். சிரிக்க வாயைத் திறந்தான். மயிலம்மாள் அவன் வாயைப் பொத்தினாள். கிராணியின் முகம் செத்துப்போயிருந்தது. அப்படி எல்லார் முன்னாலும் நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், அப்பா நின்றதை அவள் பார்த்திருக்கிறாள்.

"ஐயா, சீயக்காய் மிச்சம் இருக்கு. கொண்டு வரவா?" என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

அவர் அவளைப் பார்த்தார். சரியென்று தலையை ஆட்டினார்.

"அப்ப எங்க காடி?"

"நிக்கட்டும்."

"எங்கே ஐயா?"

கிராணி தொண்டையைச் செருமினார். "உங்க வாசல்லயே நிக்கட்டும் லா," என்றார். இதை எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார். சொல்லாமல் அவள் விடமாட்டாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

டின் வந்தது. சங்கத்தார் கையை மடித்துவிட்டுக்கொண்டு திடலின் ஓரத்திலிருந்த குழாய்க்குப் போனார்கள். "குழாய்த் தண்ணியில காடி கழுவக் கூடாது," என்றான் முருகையா ரொம்பப் பணிவாக. "அது குடிக்கிற தண்ணி. பெரிய கிராணி ஐயா சொல்லியிருக்காரு."

செட்டியார் கிராணியைப் பார்த்தார். கிராணி ஆகாயத்தைப் பார்த்தார். கடைசியில் சிரம்பான் கனவான்கள் அத்தனை பேரும் பளபளக்கும் சப்பாத்துகளைக் கழற்றி வைத்துவிட்டு, ஆளுக்கு இரண்டு பால் வாளியோடு ஓடைக்கும் திடலுக்குமாக நடந்தார்கள். வழி காட்டிக்கொண்டு முன்னால் போனவர் நல்லசாமி கிராணி. அவர் கையிலும் இரண்டு வாளி.

சாயங்காலம் எல்லாரும் புறப்படும் நேரம். கிராணி மோரிஸின் கண்ணாடியருகில் வந்தார். பழைய மிடுக்கு கொஞ்சம் திரும்பியிருந்தது. "வீரமுத்து, நீ பள்ளிக்கூடத்துப் பின்ரோட்டு வழியாப் போயிரு. லயத்து வாசல் வழியா முன்ரோட்டுல காடிங்க போகணும். நானும் அவங்களை மெயின் ரோடுவரைக்கும் அனுப்பிட்டு வரணும்."

மயிலம்மாள் வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா பேசிவிட்டார்.

"இதுவும் காடிதான் ஐயா."

அவர் உரக்கப் பேசவில்லை. தலையைக் குனியவும் இல்லை. சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார், கியரை மாற்றினார், திடலைவிட்டு முதல் ஆளாக முன்ரோட்டில் ஏறினார். பக்கத்தில் அம்மா, பின் சீட்டில் மயிலம்மாள், முருகையா, இன்னும் ஏழு பிள்ளைகள். மோரிஸ் நடை வேகத்தில் போனது. வாசலுக்கு வாசல் ஜனங்கள் கையாட்டினார்கள். அப்பா ஒவ்வொருவருக்கும் பதிலுக்குக் கையாட்டினார், ஒருவரையும் விடவில்லை.

மயிலம்மாள் பின் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள். வெள்ளை டாட்சன், கறுப்பு ஆஸ்டின், அதற்குப் பின்னால் இன்னும் ஐந்து கார்கள், எல்லாம் ஊர்ந்து ஊர்ந்து பின்னால் வந்துகொண்டிருந்தன. அந்த ரோட்டில் முந்திப் போக இடம் கிடையாது.